கழுத்தில் நெறி கட்டினால்: எங்கே தேடுவது, எத்தனை வாரம் பொறுப்பது, எப்போது ஊசி வைத்துப் பார்ப்பது

கேட்டிருப்பது இதுதான்: சேலம் அம்மாபேட்டையில் வீடு. 19 வயது மகளுக்குக் கழுத்தின் வலப்பக்கம் இரண்டு கட்டிகள். மூன்று வாரம் தாண்டிவிட்டது, வலி இல்லை. மெடிக்கலில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்ததில் பாதி வற்றியது, நிறுத்தியதும் திரும்பவும் பெரிதாகிவிட்டது. மாமியார் இதைக் கண்டமாலை என்கிறார், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடச் சொல்கிறார். ஊசி குத்தி எடுத்தால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

முதலில் உங்கள் மகளுக்கான பதில். இனி மெடிக்கலில் எந்த மாத்திரையும் வாங்க வேண்டாம். பத்துப் போட வேண்டாம். இந்த வாரமே அந்தக் கட்டியில் ஊசிப் பரிசோதனை செய்யக்கூடிய இடத்துக்குப் போங்கள். பயந்து ஓட வேண்டிய அவசரம் இல்லை, ஆனால் இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று விடுகிற கட்டத்தையும் தாண்டிவிட்டது. காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்போது யாரும் இடுக்கைப் பார்த்துப் பயப்படுவதில்லை, காலில் புண் எங்கே என்றுதான் தேடுவார்கள். கழுத்திலும் கதை அதேதான். உடம்பு முழுக்க உள்ள நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ 300 கழுத்தில் மட்டுமே இருக்கின்றன. தலை, முகம், வாய், தொண்டை ஆகிய இடங்களிலிருந்து வடியும் நிணநீர் இவற்றின் வழியாகத்தான் போகிறது. அதில் கிருமி வந்தால் உள்ளே வெள்ளணுக்கள் பெருகும், கணு வீங்கும். இதைத்தான் நெறி என்கிறோம். கட்டியே நோய் என்று நினைக்காமல், அந்தக் கட்டிக்கு எந்த இடத்திலிருந்து நிணநீர் வருகிறது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

பின்தலையிலும் காதுக்குப் பின்னாலும் இருந்தால் தலைத்தோலைப் பாருங்கள். பேன் கடித்துச் சொறிந்த புண், தலையில் படர்தாமரை, கொப்புளம் ஏதாவது இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன நெறிகள் இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் பேன்தான். 1 சதவீத பெர்மெத்ரின் லோஷனைத் தலையில் தேய்த்து 10 நிமிடம் ஊறவிட்டு அலசி, ஈர்கள் பொரிக்கும் காலத்தைக் கணக்கிட்டு 7 முதல் 9 நாளில் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். அந்த இரண்டாம் முறையை விட்டுவிடுவதால்தான் பேன் திரும்ப வருகிறது, நெறியும் வற்றுவதில்லை.

தாடைக்கு அடியில் என்றால் பல், ஈறு, நாக்கு, உதடு. சொத்தைப் பல் வலிக்காமலேயே வேரில் சீழ் வைத்திருக்கும். மாத்திரை போட்டால் நெறி வற்றும், பல் அப்படியே இருப்பதால் மறுபடி வரும். அந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும் அல்லது பிடுங்க வேண்டும், வேறு வழி இல்லை. தாடை முடியும் கோணத்துக்குச் சற்றுக் கீழே என்றால் டான்சில். காதுக்கு முன்னால் என்றால் கண், இமை, நெற்றித் தோல். கழுத்தின் பக்கவாட்டில் தடித்து ஓடும் தசைக்குப் பின்புறம் இருந்தால் தலைத்தோல், மூக்கின் பின்பகுதி, சில வைரஸ் காய்ச்சல்கள், காசநோய்.

கழுத்துக்கு அடியில் தோள் வரை ஓடும் காறை எலும்புக்கு மேலே உள்ள குழியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே கையில் தட்டுப்படும் எந்தக் கணுவும், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், பார்க்கப்பட வேண்டியது. இடப்பக்கக் குழிக்கு வயிற்றிலிருந்தும் வலப்பக்கக் குழிக்கு நுரையீரல், நெஞ்சுப் பகுதியிலிருந்தும் நிணநீர் வருகிறது. அங்கே வீக்கம் என்றால் காரணம் கழுத்துக்குக் கீழே இருக்கலாம். சாதாரண நெறிக்குக் கீழே சொல்லப்போகும் இரண்டு வாரக் காத்திருப்புக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

வீட்டில் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. உட்கார வைத்து, தோளைத் தளர்த்தச் சொல்லி, பார்க்கிற பக்கமாகவே தலையை லேசாகச் சாய்க்கச் சொல்லுங்கள். தசை இறுகியிருந்தால் ஒன்றும் தெரியாது. விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமாக உருட்டுங்கள். முகவாயில் தொடங்கி, தாடை ஓரமாகக் காது வரை, காதுக்குப் பின், பின்தலை, பிறகு கழுத்துத் தசையின் முன்னும் பின்னும், கடைசியாகக் காறை எலும்புக் குழி. குழியைப் பார்க்கும்போது மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னால் உள்ளே ஒளிந்திருக்கும் கணு மேலே வந்து தட்டுப்படும். எப்போதும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஸ்கேல் வைத்து நீளத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். பெரிதாகிறதா, சிறிதாகிறதா என்பதை மருத்துவர் கேட்பார். நினைவிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்திருப்பது எவ்வளவோ மேல். அளந்த பிறகு வாரம் ஒரு முறைக்கு மேல் தொட வேண்டாம். ஓயாமல் அழுத்தினால் சாதாரண நெறியும் வலித்து வீங்கியே இருக்கும்.

இப்படித் தடவும்போது ஏமாற்றும் சில இடங்கள் உண்டு. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெத்தென்று இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. தொண்டையின் மேற்பகுதியில் பக்கவாட்டில் கூராகத் தட்டுவது நாவடி எலும்பின் நுனி. காது மடலுக்குக் கீழே, தாடைக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்புக்கும் நடுவில் கெட்டியாக இருப்பது முதல் கழுத்தெலும்பின் பக்க முனை. துடிப்பது ரத்தக்குழாய், அதை அழுத்தித் தேய்க்கவே கூடாது. இவற்றைத் தொட்டுவிட்டுப் புற்றுநோய் என்று தூக்கம் கெட்டவர்கள் நிறைய.

கழுத்தில் வருவதெல்லாம் நெறியும் அல்ல. தண்ணீர் விழுங்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்கினால் தைராய்டு. நாக்கை நீட்டும்போது மேலே எழும்பினால் பிறவியிலேயே வரும் நீர்க்கட்டி. சாப்பிடும்போது, குறிப்பாகப் புளிப்பைப் பார்த்ததும் தாடைக்கு அடியில் விம்மி, ஒரு மணி நேரத்தில் வற்றினால் உமிழ்நீர்க் குழாயில் கல். காது மடலையே மேலே தூக்கிவிட்டுக் கன்னமும் கழுத்தும் ஒன்றாக வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர் தடுப்பூசி தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும்தான். அதில் பொன்னுக்கு வீங்கிக்குத் தடுப்பு இல்லை என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. தோலோடு மெத்தென்று நகரும் கொழுப்புக் கட்டியும் உண்டு.

அளவைப் பற்றி. கழுத்தில் 1 செ.மீ. வரை இருப்பது பெரும்பாலும் இயல்பு. தாடைக் கோணத்துக்குக் கீழே உள்ள டான்சில் கணு மட்டும் 1.5 செ.மீ. வரை இருக்கலாம். சிறுவர்களுக்குச் சளி பிடிக்கும் வயதில் பட்டாணி அளவில் இரண்டு மூன்று கணுக்கள் தட்டுப்படுவது சாதாரணம். பிள்ளை நன்றாக விளையாடுகிறது, சாப்பிடுகிறது, எடை கூடுகிறது என்றால் விட்டுவிடலாம். பிறந்தவுடன் இடது தோளில் பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட குழந்தைக்குச் சில மாதம் கழித்து இடது அக்குளிலோ இடது காறை எலும்புக்கு மேலோ நெறி கட்டலாம். காறை எலும்புக்கு மேலே என்றால் மேலே சொன்னபடி ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் தானாக அடங்கும். அதைக் கீறிவிடக் கூடாது. சிறு பிள்ளைக்கு ஐந்து நாளாக விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உதடும் நாக்கும் சிவந்து வெடித்திருப்பது, கூடவே கழுத்தில் ஒரு பெரிய நெறி என்றால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். கவாசாகி என்ற அந்த நோயில் இதய ரத்தக்குழாய்கள் பாதிக்கப்படும், முதல் 10 நாளுக்குள் மருந்து கொடுத்தால்தான் முழுப் பலன்.

சளி, தொண்டைவலியோடு வந்த வலிக்கும் நெறிக்கு இரண்டு வாரம் கொடுங்கள். வெதுவெதுப்பான ஒத்தடம், பெரியவர்களுக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. முழுதாக வற்றுவதற்கு நான்கு, ஆறு வாரம்கூட ஆகலாம், ஆனால் இரண்டு வாரத்தில் இறங்குமுகம் தெரிய வேண்டும். இறங்காமல் 1 செ.மீ.க்கு மேல் நின்றால் காரணம் தேட வேண்டும். கல் போலக் கெட்டியாக இருந்தாலோ, அடியோடு ஒட்டி நகராமல் இருந்தாலோ, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருந்தாலோ, 2 செ.மீ.யைத் தாண்டினாலோ இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். இரவில் துணி நனைய வியர்ப்பது, மாலையில் காய்ச்சல், ஆறு மாதத்துக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது, இவையும் அப்படியே. வலி இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வலிக்கும் நெறி பெரும்பாலும் சாதாரணக் கிருமியால் வந்தது. வலியில்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் பரிசோதனை கேட்கிறது.

ஏற்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்காக ஒன்று. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கவும் களை எடுக்கவும் போகிறவர்களுக்குக் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி ஆகியவற்றோடு நெறி கட்டினால் உண்ணிக் காய்ச்சலை நினைக்க வேண்டும். புதரிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது இது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பில் துணி கட்டும் இடம், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ், காதுக்குப் பின் என்று மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. தேடினால்தான் கிடைக்கும். அந்தப் பொருக்குக்கு அருகில்தான் முதலில் நெறி கட்டும். வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்றவை இதற்கு வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை, மாலை என ஒரு வாரம், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் என்பது மருத்துவர்கள் கொடுக்கும் முறை. சரியான மருந்து போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால் மலையிலேயே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், தோட்டத்தில் வேலை செய்வதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. கண்டமாலை என்று பெரியவர்கள் சொன்னதில் பெரும்பகுதி கழுத்துக் கணுவில் வரும் காசநோய்தான். அவர் சந்தேகப்பட்டது சரியான திசைதான், பத்துதான் சரியில்லை. சுண்ணாம்பு தோலை வெந்துபோகச் செய்யும், பிறகு உள்ளே சிவக்கிறதா, சீழ் கோக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் நம் நாட்டில் அதிகம் காணப்படுவது நிணநீர்க் கணுக் காசநோய், அதிலும் கழுத்துதான் அதிகம். இளம் வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு வருகிறது. இருமல் இருக்க வேண்டியதில்லை. காய்ச்சலும் மெலிவும்கூடப் பலருக்கு இருப்பதில்லை. முதலில் தனித்தனியாக நகரும் கணுக்கள், பிறகு ஒட்டிக்கொள்ளும், பிறகு சூடும் வலியும் இல்லாமல் உள்ளே சீழாகும், கடைசியில் தோலைத் துளைத்துக்கொண்டு ஆறாத புண்ணாக ஒழுகும். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு யாரும் போக வேண்டிய அவசியமே இல்லை. மெத்தென்று ஆகிவிட்டதே என்று எங்காவது கீறிச் சீழ் எடுத்தாலும் இதே ஆறாத புண் வரும். சீழ் இருந்தால் பக்கத்துத் தோல் வழியாக ஊசியால் உறிஞ்சி எடுப்பதுதான் முறை.

ஆனாலும் எல்லாம் காசநோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்த வயதுப் பெண்களுக்கு கிகுச்சி என்ற ஒரு நோய் உண்டு. 1972இல் ஜப்பானில் விவரிக்கப்பட்டது. கழுத்தில் நெறி, காய்ச்சல், எல்லாம் காசநோய் போலவே இருக்கும். ஒன்றிலிருந்து நான்கு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். நிணநீர்ப் புற்றுநோயும் இதே வயதில், இதே இடத்தில், இதே போல வலியில்லாமல் வரும். மூன்றையும் கையால் தொட்டுப் பிரிக்க முடியாது. திசுவை எடுத்துப் பார்க்காமல் ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுப்பதும் தவறு, ஒன்றுமில்லை என்று அனுப்புவதும் தவறு.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், அட்டையில் இருந்த பெயர்தான் இங்கே முக்கியம். லிவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். ஐந்து நாளில் கட்டி பாதி வற்றும், சோதனையில் கிருமி அகப்படாது, நோய் உள்ளேயே இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இன்னும் மோசம். நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டியையே சில நாளில் கரைத்துக் காட்டும், பிறகு எடுக்கும் திசுவில் நோயின் உருவமே சிதைந்திருக்கும். உங்கள் மகளுக்கு நடந்தது, பாதி வற்றித் திரும்ப வந்தது, இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் கையோடு கொண்டுபோங்கள்.

மருத்துவமனையில் ரத்த அணுக்கள் கணக்கும், நெஞ்சு எக்ஸ்ரேவும், கழுத்து ஸ்கேனும் பார்ப்பார்கள். எச்.ஐ.வி சோதனை கேட்டால் கோபப்பட வேண்டாம், நீடித்த நெறி உள்ள எல்லோருக்கும் கேட்பதுதான். ஸ்கேனில் கணு நீள்வட்டமாக, நடுவில் கொழுப்புப் பகுதி தெரிந்தால் நல்ல குறி. உருண்டையாகி, அந்த நடுப்பகுதி அழிந்து, உள்ளே அழுகல் தெரிந்தால் அடுத்த கட்டம் போக வேண்டும். ரத்தத்தில் பார்க்கும் இ.எஸ்.ஆர் கூடியிருப்பதை வைத்தோ, காசநோய்ச் சோதனைக்காகக் கையில் போடும் மாண்டூ ஊசி தடித்ததை வைத்தோ காசநோய் என்று மருந்து ஆரம்பிக்கக் கூடாது. நம் நாட்டில் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் யாருக்கும் மாண்டூ தடிக்கும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்த்துக் காசநோய் சொல்லும் சோதனைகளை இந்திய அரசு 2012இலேயே தடை செய்துவிட்டது.

விடை தருவது ஊசிப் பரிசோதனை. சீட்டில் எஃப்.என்.ஏ.சி என்று எழுதுவார்கள். ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி, மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்கு வரலாம். இதனால் நோய் பரவும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அந்தப் பயத்தால் தள்ளிப்போடும் மாதங்கள்தான் நோயை வளர்க்கின்றன. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எடுத்ததில் ஒரு பகுதி கண்ணாடித் தகட்டில் நோய்க்கூறு மருத்துவருக்குப் போகும். இன்னொரு பகுதி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கும், கிருமி வளர்ப்புக்கும் போக வேண்டும். இவை காசநோயா என்று சொல்வதோடு, காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் சொல்லும். அரசுத் திட்டத்தில் இது இலவசம். இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. அறுவை செய்து கணுவை எடுக்கும்போது முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டு உறவினர் கையில் கொடுத்துவிடுவார்கள். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்ப்புச் சோதனை செய்யவே முடியாது, மரபணுச் சோதனையும் கெடும். நோய்க்கூறுப் பரிசோதனைக்கு ஃபார்மலின் பாட்டில், கிருமிச் சோதனைக்கு சாதாரண சலைன் பாட்டில், இரண்டு தனித்தனியாக வேண்டும். ஊசியோ அறுவையோ, தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டுப் பயனில்லை.

ஊசியில் தெளிவில்லை என்றாலோ நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகம் வந்தாலோ தடித்த ஊசியால் திசுத் துண்டையோ, சிறு அறுவையில் கணுவை முழுதாகவோ எடுக்கச் சொல்வார்கள். அதை மறுக்க வேண்டாம். கழுத்தின் பின்பக்க முக்கோணத்தில் தோளைத் தூக்கும் நரம்பு தோலுக்கு அருகிலேயே ஓடுவதால், இந்த வேலையைக் கழுத்து அறுவையில் பழகியவரிடம் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

காசநோய் என்று உறுதியானால் ஆறு மாத மருந்து, தினமும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. எடை கூடினால் மாத்திரையும் கூடலாம், அதனால் மாதாமாதம் எடை பார்க்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயம் இல்லை. கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பாருங்கள், அது கல்லீரல். பார்வை மங்கினாலும், நிறம் மாறித் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும். மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500ஆக இருந்தது.

மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி இன்னும் பெரிதாகலாம், பக்கத்தில் புதிதாகவும் வரலாம். ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. செத்த கிருமிக்கு எதிராக உடம்பு காட்டும் வேகம் அது, மருந்து தோற்றதாக அர்த்தமில்லை. இதைச் சொல்லி வைக்காததால் பலர் மருந்தை நிறுத்திவிட்டு வேறிடம் போகிறார்கள், கிருமி மருந்துக்கு அடங்காத வகையாக மாறும் ஆபத்து அங்கே தொடங்குகிறது. பெரிதானால் மருத்துவரிடம் காட்டுங்கள், மாத்திரையைத் தொடருங்கள். ஆறு மாதம் முடிந்தும் சிறு கணு மிச்சம் இருப்பதும் உண்டு.

நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்து கழுத்தில் மட்டும் நோய் என்றால் அவளிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. தட்டு, டம்ளர் பிரிக்க வேண்டாம், கல்லூரியை நிறுத்த வேண்டாம். முழுதாக மருந்து முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இதனால் ஒரு தடையும் இல்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அவர்கள் சளியைச் சோதிக்க வேண்டும். அவளுக்குக் கிருமி எங்கிருந்தோ வந்திருக்கிறது.

இதைப் படிக்கும் 40 வயது தாண்டிய ஆண்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலை, பான் மசாலா, பீடி, மது பழக்கம் இருந்து கழுத்தில் கெட்டியான நெறி வந்தால் கணக்கு முற்றிலும் வேறு. நாக்கு, கன்னத்தின் உட்புறம், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்தால் சில நேரம் முதலில் தெரிவது கழுத்துக் கட்டிதான். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், ஒரு பக்கக் காதுவலி, விழுங்கும்போது தடை, ஆறாத வாய்ப்புண், வாய் திறப்பது குறைவது என்று ஏதாவது இருந்தால் நேராகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இவர்களுக்கு முதலில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், பிறகு ஊசி. எடுத்த எடுப்பில் கழுத்துக் கணுவை அறுத்து எடுப்பது பின்னால் வரும் சிகிச்சையைச் சிக்கலாக்கும்.

எந்த வயதானாலும், கடைவாய்ப் பல் வலியைத் தொடர்ந்து தாடைக்கு அடியில் பலகை போல இறுகி வீங்கி, நாக்கு மேலே தள்ளி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால் அது சில மணி நேரத்திலேயே மூச்சை அடைத்துவிடும். காலை வரை பொறுக்காமல் 108க்கு அழையுங்கள்.

உங்கள் மகளைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். ஸ்கேன், ஊசி, காசநோய்ச் சோதனை மூன்றுக்கும் அங்கேயே வழி உண்டு. வெளிநோயாளிப் பிரிவு காலையில்தான், நேரத்தோடு போங்கள். கட்டியை முதலில் கவனித்த தேதி, அளந்த அளவுகள், மாத்திரை அட்டை, அவளுடைய இப்போதைய எடையும் ஆறு மாதத்துக்கு முந்தைய எடையும், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் ஐந்து நாள் மாத்திரையில் பாதி வற்றித் திரும்ப வந்ததை நீங்களே சொல்லுங்கள்.